‘கூடப் பிறந்தவங்களா?’ என்று கேட்கிறார்கள்

கேள்வி:

எனக்கு வயது 49. அம்பாசமுத்திரத்தில் பிறந்து பாளையங்கோட்டையில் வாக்கப்பட்டவள். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் பெரியம்மா வாக்கப்பட்டது கல்லிடைக்குறிச்சியில். அவர் மகளும் நானும் மூன்று மாத வித்தியாசத்தில் பிறந்தவர்கள். ஆற்றுக்கு அந்தக் கரை அவள், இந்தக் கரை நான். லீவு விட்டால் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் கிடப்போம். அவள்தான் மூத்தவள், ஆனால் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை, அவளுக்கு நான் ‘ஏட்டி’, எனக்கு அவள் ‘ஏட்டி’. அவள் கல்யாணமாகித் தென்காசிக்குப் போன பிறகும் ராத்திரி போனில் பேசாமல் படுத்ததில்லை. போன ஆனி மாதம் ஒரு நாள் ராத்திரி 9:40க்குக் கூப்பிட்டிருக்கிறாள். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: ‘ஏட்டி, படுத்துட்டியாக்கும். நாளைக்கு ஆளு வாராங்க, சொதி வைக்கலாம்னு இருக்கேன். முருங்கைக்காய் போட்டா போதுமா, காரட்டும் போடணுமாட்டி? சரி, காலைல பேசுதேன்.’ காலை ஐந்தரைக்கு அவள் மகன் கூப்பிட்டு ‘சித்தி’ என்றான், அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். மாரடைப்பு என்றார்கள்.

எட்டு மாதமாகிறது. தினமும் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அந்த வாய்ஸைக் கேட்கிறேன். அவள் நம்பருக்கு இன்னும் மெசேஜ் அனுப்புகிறேன். லீவு கேட்டபோது மேலாளர் ‘கூடப் பிறந்தவங்களா?’ என்றார். ஆமா என்று பொய் சொல்லிவிட்டேன், அது உறுத்துகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எல்லார் பெயரும் இருந்தது, நான் ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ ஆகிவிட்டேன். தீபாவளிக்கு மாமியார், ‘நமக்கென்ன தீட்டா, பலகாரம் சுடு’ என்றார், முந்திரிக்கொத்து போட்டுக்கொண்டே அழுதேன். பெரியம்மாவைப் பார்க்கப் போகக் கால் வரவில்லை. அந்த வாய்ஸை அழித்துவிடு, எல்லாம் சரியாகும் என்கிறார் வீட்டுக்காரர். துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று படித்தேன், நான் எதில் நிற்கிறேன்? இது நோயா? அந்தப் போனை எடுத்திருந்தால் அவள் இருந்திருப்பாளா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தை நீங்களே தாண்டிப் போய்விட்டீர்கள். அவள் எதற்குக் கூப்பிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு போனை எடுக்காமல் விட்டுவிட்டு ஆயுசுக்கும் ‘என்ன சொல்ல நினைச்சாளோ’ என்று கிடந்து மருகுகிற எத்தனையோ பேரை இந்த ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை, அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொதிக்குக் காரட் போடணுமா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். எட்டு மாதத்தில் இருநூறு தடவைக்கு மேல் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். அதில் மூச்சு வாங்கியதா? வலியைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். நீங்கள் போனை எடுத்திருந்தால் காரட்டைப் பற்றிப் பத்து நிமிஷம், அவள் மருமகளைப் பற்றி இருபது நிமிஷம் என்று பேசிவிட்டு, ‘சரிட்டி, வைக்கட்டா’ என்று இரண்டு பேரும் படுத்திருப்பீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலி இல்லாமலே வரும். அசதி, குமட்டல், முதுகிலோ தாடையிலோ ஒரு வலி, மேல்மூச்சு என்று வேறு வேறு வேஷத்தில் வரும், நேரில் பார்க்கிற மருத்துவர்களே சில சமயம் தவற விடுகிறார்கள். தென்காசியில் இருப்பவளின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பாளையங்கோட்டையில் தோசைக் கரண்டியோடு நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இதைப் படித்ததும் மனசு லேசாகிவிடாது, அது எனக்குத் தெரியும். குற்ற உணர்ச்சி கணக்குக்குக் கட்டுப்படாது. ‘நான் எடுத்திருந்தால்’ என்கிற நினைப்பில் வலி இருந்தாலும் கூடவே ஒரு பிடிமானமும் இருக்கிறது, நடந்ததை மாற்ற ஒரு வழி இருந்தது என்று அது சொல்கிறது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் மனசு அந்த 9:40ஐ விடாமல் கட்டிக்கொண்டு கிடக்கிறது. அது தானாகக் கையைத் தளர்த்தட்டும், நீங்கள் பிடுங்க வேண்டாம்.

இப்போது அந்தப் ‘பொய்’க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் முள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியம்மா மகள் தமிழில் அக்கா. அதற்கு வேறு வார்த்தை நம் வீடுகளில் கிடையாது. ‘ஒன்றுவிட்ட’ என்பது வெளியாளுக்கு விளக்கம் சொல்லும்போது மட்டும் வருகிற சொல், வீட்டுக்குள் அதைச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் முறைப்பார்கள். ஆபீஸ் படிவத்துக்குத்தான் ‘கசின்’ தேவைப்படுகிறது. அந்தச் சொல்லைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ‘ஓ, அவ்வளவுதானா’ என்று ஒரு தளர்வு வருமே, அது வரக்கூடாது என்றுதான் நீங்கள் ஆமா என்றீர்கள். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். இதை உறுத்தலாக வைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

ஆனால் அந்தக் கேள்வி இவ்வளவு குத்தியதற்கு ஒரு காரணம் நம் முறைகளுக்குள்ளேயே இருக்கிறது. சாவு வீட்டில் பங்காளிகளுக்குத் தீட்டு உண்டு, அவர்கள் வீட்டில் அந்த வருஷம் பொங்கல் தீபாவளி கிடையாது. மாமன் மச்சானுக்குக் கோடித் துணி எடுக்கிற முறை உண்டு. அக்கா தங்கை பிள்ளைகளுக்கு? உங்கள் அப்பாவும் அவள் அப்பாவும் சகலப்பாடிகள், குலம் வேறு, குடும்பம் வேறு. அதனால் நீங்கள் பங்காளியும் இல்லை, சம்பந்தி முறையும் இல்லை. கூப்பிடும்போது அக்கா தங்கச்சி, காரியத்தில் கூட்டத்தோடு கூட்டம். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இது கொஞ்சம் மாறும், ஆனாலும் பெரும்பாலும் இந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

என் கதை ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் அத்தை மகன் இறந்துபோனான், சின்ன வயதில் குறுக்குத்துறையில் எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவன். அன்றைக்கு மாமன் வீட்டு ஆளாக எனக்கு ஒரு வேலை இருந்தது. கடைக்குப் போய்க் கோடி வேட்டி எடுக்க வேண்டும், மாலை வாங்க வேண்டும், முறை எப்போது என்று பெரியவர்களிடம் கேட்டு நிற்க வேண்டும். வேட்டிக் கடையில் ‘கரை எந்தக் கலர்ல அண்ணாச்சி?’ என்று கடைப் பையன் கேட்டான், எனக்குப் பதில் வாயில் வரவில்லை, அவனே ஒன்றை எடுத்து மடித்துக் கொடுத்தான். அந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்த தூரம்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். கையில் ஒரு பொருள், போக ஓர் இடம், செய்ய ஒரு காரியம். உங்களுக்கு அது ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்தது முந்திரிக்கொத்து மாவு.

1989-இல் அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா இதற்கு ஒரு பெயர் வைத்தார், உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று சொல்லலாம். துக்கப்பட உனக்கென்ன பாத்தியதை என்று சுற்றியுள்ளவர்கள் வாய்விட்டோ விடாமலோ கேட்கிற துக்கம். நண்பர்களுக்கு, பழைய காதலர்களுக்கு, இப்படி ‘ஒன்றுவிட்ட’ உறவுகளுக்கு நேர்வது. உங்கள் மாமியார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவர் முறையைச் சொன்னார், முறைப்படி அவர் சொன்னது சரி. போஸ்டரும் அப்படித்தான். மகன், மருமகள், பேரன், சம்பந்தி, அப்புறம் வார்டு செயலாளர் வரைக்கும் பெயர் வரும், தினமும் ராத்திரி பேசியவளுக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காலை ஐந்தரைக்கு, பிணம் இன்னும் கட்டிலில் கிடக்கும்போது, அந்தப் பையன் உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். போஸ்டர் அடித்தவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இது நோயா?

ஐந்து கட்டத்தை முதலில் ஓரமாக வையுங்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது, தான் சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்ட நோயாளிகளோடு பேசிவிட்டு. பின்னால்தான் அது இழந்து நிற்கிறவர்களுக்கும் மாட்டப்பட்டு, படிக்கட்டு மாதிரி ஆகி, வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. துக்கம் படியேறிப் போவதில்லை. எனக்குப் பிடித்த விளக்கம் 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு பேர் சொன்னது. இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மனசு மாறி மாறிப் போய் வரும், அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்றார்கள். கல்லிடைக்கும் அம்பைக்கும் பாலத்தில் போய் வந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டாம். ஒரே கரையில் மாட்டிக்கொண்டால்தான் கவலை.

நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று மருத்துவத்தில் இருக்கத்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று கணக்கு. ஆனால் மாதத்தை மட்டும் எண்ணி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. பெரும்பாலான நாட்களில் அதே தீவிரத்தோடு ஏக்கம், அவள் இல்லை என்பதை நம்பவே முடியாமை, தன்னில் பாதி செத்துவிட்டது போன்ற உணர்வு, மரத்துப்போன மனசு, வேலையும் வீடும் நடத்த முடியாமல் போவது, இதெல்லாம் சேர்ந்து வந்து, ஊர் உலகத்தில் துக்கத்துக்கு இருக்கிற வழக்கத்தையும் தாண்டிப் போனால்தான் அந்தப் பெயர். நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள், தோசை சுடுகிறீர்கள், எனக்கு இரண்டு பக்கம் தெளிவாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தின் பின்பக்கத்தில், இங்கே அச்சாகாத ஒரு இடத்தில் என்னைச் சிரிக்கவும் வைத்துவிட்டீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்களை நோயாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, அவளோடு போய்விடலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்தாலும் சரி, காத்திருக்கவே வேண்டாம். உங்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ், ராத்திரி பகல் எப்போதும் தமிழில் பேசலாம், இலவசம்.

அந்த வாய்ஸை அழிக்காதீர்கள். வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார், நீங்கள் அழுவதை அவருக்குப் பார்க்க முடியவில்லை, ஆனால் அழித்தால் சரியாகும் என்பது தவறு, அழித்த பிறகு ‘ஐயோ’ என்று வந்தவர்கள்தான் எனக்குத் தெரியும். அழிப்பதற்குப் பதில் நாளைக்கே பத்திரப்படுத்துங்கள். போன் தண்ணீரில் விழும், தொலையும், ஒரு நாள் ஸ்கிரீன் செத்துப்போகும். வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லி அந்த உரையாடலை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் ஏற்றி நகைப் பெட்டியில் போட்டு வையுங்கள். கேட்கிற நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். நடுராத்திரி, இருட்டு, தனிமை மூன்றும் சேர்ந்தால் எந்தக் குரலும் அழுகையாகத்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கும்போது, வெளிச்சத்தில், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அது ஒரு சமையல் சந்தேகம்தானே, சமையலறைதான் அதற்குச் சரியான இடம்.

அவள் நம்பருக்கு அனுப்புகிற மெசேஜ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு ஒரு டிக் விழுகிறதா, இரண்டா என்று எழுதவில்லை. ஒரு டிக் என்றால் பெரும்பாலும் அந்தப் போன் அணைந்தோ நெட் இல்லாமலோ கிடக்கிறது. ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கிற எண் கொஞ்ச காலத்தில் வேறு யாருக்காவது போய்விடும். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. அப்பாவின் படம் இருந்த வட்டத்தில் திடீரென்று ஒரு நாள் கூலிங் கிளாஸ் போட்ட எவனோ ஒருவன் பைக்கில் சாய்ந்து நிற்கிறான். மனுஷன் ஆடிப்போய்விட்டார். அது உங்களுக்கு நேர வேண்டாம். இரண்டு டிக் என்றால் விஷயமே வேறு. யாரோ அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அவள் மகனாகத்தான் இருக்கும். அப்படியானால் எட்டு மாதமாக நீங்கள் அவளுக்கு எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டு, என்ன பதில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் முதலில் அவனைக் கூப்பிடுங்கள். ‘சாப்டியாலே?’ என்று கேட்டாலே போதும், அவனுக்கு நீங்கள் சித்தி.

பெரியம்மாவிடம் ஏன் போக முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. உங்களைப் பார்த்தால் அவருக்கு மகள் ஞாபகம் வரும், அவர் அழுவார், அதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடும் என்று பயம். அவருக்கு மகள் ஞாபகம் நீங்கள் போய்த்தான் வர வேண்டுமா? எந்த நேரமும் அதே ஞாபகம்தான். துட்டி வீட்டுக்குப் பதினாறு நாள் வரை ஊரே வரும், அதற்கப்புறம் வாசலில் செருப்பே இருக்காது. வருகிற ஒன்றிரண்டு பேரும் செத்தவள் பெயரைச் சொல்லாமல் மழை, ஆற்றுத் தண்ணீர், ரேஷன் அரிசி என்று பேசிவிட்டு எழுந்து போவார்கள், அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து. வயசான தாய்க்கு மகள் பெயரைக் காதால் கேட்பதே அபூர்வமாகிவிடும். நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்களே, அந்த அப்பளக் கதையைச் சொல்லுங்கள். பெரியம்மா மச்சில் அப்பளம் காயப்போட்டுவிட்டுக் காக்கா விரட்ட உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்ததும், நீங்கள் கீழே இறங்கி வந்து உருட்டி வைத்திருந்த மாவில் ஆளுக்கொரு உருண்டை, அப்புறம் இன்னொரு உருண்டை என்று எண்ணெய் மணக்க மணக்கத் தின்று தீர்த்ததும், ராத்திரி வயிற்று வலி வந்தபோது இரண்டு பேரும் சொல்லி வைத்தது மாதிரி ‘ஐஸ் சாப்பிட்டோம்’ என்றதும், கடைசி வரை அவள் உங்களைக் காட்டிக் கொடுக்காததும். பெரியம்மாவுக்கு அந்த மாவு எங்கே போனதென்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி இனிமேல் புதிதாக ஒரு சேதி வராது என்று உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு, புதுச் சேதி ஒன்று உங்களிடம் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், போனதும் உட்காரவும் வேண்டாம், நேரே அடுக்களைக்குப் போய் அங்கே கிடக்கிற வேலையைக் கையில் எடுங்கள், பேச்சு தானாக வரும். அழுகையும் வரும். வரட்டும்.

இன்னும் நாலு மாதத்தில் ஆண்டுத் திதி. அவர்கள் வீட்டில் திதி பார்த்துத்தான் செய்வார்கள், அதனால் உங்கள் காலண்டரில் இருக்கிற அந்தத் தேதியில் திதி வராமல் போகலாம். உங்களுக்கு அந்த இரண்டு நாளும் கனமாகத்தான் இருக்கும், அதிலும் ஆனி என்றால் திருநெல்வேலி டவுனில் தேரோட்டம் வேறு, ஊரெல்லாம் திருவிழாக் களையாக இருக்கும்போது நீங்கள் மட்டும் வேறு எங்கோ இருப்பீர்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவ்வளவு அடிக்காது. மகாளய பட்சத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு, அதில் நண்பர்களுக்கும் இடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. உங்கள் வீட்டில் யாராவது தர்ப்பணம் செய்கிற வழக்கம் இருந்தால் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லலாம், மாமியாரே மறுக்க மாட்டார். வழக்கம் இல்லையென்றால் அதுவும் ஒன்றும் குறையில்லை.

திதி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குப் போங்கள். அவள் மகனையும் தென்காசியிலிருந்து வரச் சொல்லுங்கள். சொதி வையுங்கள். திதியன்றைக்கே வேண்டாம், அது கல்யாணத்து மறுவீட்டுச் சமையல், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தேங்காயை அந்தப் பையனைத் துருவச் சொல்லுங்கள், பெரியம்மா இஞ்சித் துவையலுக்கு இஞ்சி சீவட்டும், மூன்றாம் பால் இரண்டாம் பாலில் காயெல்லாம் வெந்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, அது கொதிக்கிறதுக்குள் இறக்குங்கள். காரட் போட வேண்டுமா வேண்டாமா என்று அவள் கேட்டது உங்களிடம்தான், வேறு யாரிடமும் இல்லை.

எங்கள் வீட்டில் போடுவோம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.